ஆறு மாதம் கழித்து வந்த பத்து சதவீதம்

மார்ச் கடைசி வாரம் வந்தால் சென்னையை ஒட்டிய நூம்பல், வேலப்பன்சாவடி, வானகரம் பக்கத்துக் குடோன்களில் ஷட்டர் இறங்க நேரமாகிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருக்களில் மினி லாரிகள் வரிசையாக நிற்கும். பிவிசி பைப், பெயின்ட் டப்பா, ஒயர் சுருள் என்று சரக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். ஏப்ரலில் யாராவது வீடு கட்டப் போகிறார்கள் என்பதற்காக வந்த சரக்கு இல்லை அது. கம்பெனி ரெப் கல்லாவுக்கு எதிரே நின்று கேட்ட ஒரு கேள்விக்காக வந்தது.

“அண்ணாச்சி, டார்கெட்டுக்கு இன்னும் நாப்பதாயிரம்தான் பாக்கி. ஒரு லோடு போட்டுரலாமா?”

“குடோன்ல கால் வைக்க எடமில்ல தம்பி.”

“இல்லேன்னா ஸ்லாப் போயிடும், அண்ணாச்சி.”

ஸ்லாப் போய்விடும் என்றால் என்ன என்பதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். மூன்று மாதத்தில் 10 லட்சத்துக்குக் கீழே வாங்கினால் 2 சதவீதம், 10 லட்சத்தைத் தொட்டால் மொத்தத்துக்கும் 3 சதவீதம் என்று ஒரு ஸ்கீம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 9,60,000 ரூபாய்க்கு வாங்கியவருக்குக் கிடைப்பது 19,200. இன்னும் 40,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டால் கிடைப்பது 30,000. அந்தக் கடைசி லோடு மட்டும் 10,800 ரூபாய் கொண்டுவருகிறது. அண்ணாச்சி இடமில்லாத குடோனில் இடம் பண்ணுகிறார்.

டர்ன்ஓவர் டிஸ்கவுன்ட், டிஓடி, ஸ்கீம், இன்சென்டிவ் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னாலும் பொருள் ஒன்றுதான். வாங்கும்போது குறையாத விலை, வாங்கி முடித்து மாதங்கள் ஆன பிறகு கிரெடிட் நோட்டாகக் குறைகிறது. விலையைக் குறைப்பதானால் பில்லிலேயே குறைத்துவிட்டுப் போகலாமே, ஏன் காத்திருக்க வைக்க வேண்டும்? இதற்குப் பதில் தேடிப் போனால் 1877-ஆம் ஆண்டின் கல்கத்தா கப்பல் பாதைக்குப் போய்ச் சேர்வோம்.

சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்த பிறகு இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு நீராவிக் கப்பல்கள் வந்து குவிந்தன. சரக்கைவிடக் கப்பல் அதிகம். கூலியை ஒருவர் குறைத்தால் இன்னொருவர் இன்னும் குறைத்தார். போட்டி போட்டு நஷ்டப்படுவதற்குப் பதில் 1875-இல் கல்கத்தா பாதையில் ஓடிய பிரிட்டிஷ் கம்பெனிகள் ஒன்றாக உட்கார்ந்து ஒரே கூலி என்று பேசி முடித்தன. கல்கத்தா கான்ஃபரன்ஸ் என்று அதற்குப் பெயர். ஆனால் கம்பெனிகள் ஒன்றுபட்டால் மட்டும் போதவில்லை. கூட்டில் சேராத கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வந்து கூலியில் ஒரு ஷில்லிங் குறைத்தால் வியாபாரி அந்தப் பக்கம் போய்விடுவான். அவனைக் கட்டிப்போட என்ன வழி?

மான்செஸ்டர் துணி ஏற்றுமதியாளர்களிடம் 1877-இல் அந்த வழி முதலில் வைக்கப்பட்டது. முழுக் கூலியைக் கட்ட வேண்டும். ஆறு மாதம் எங்கள் கூட்டுக் கப்பலில் மட்டும் சரக்கு ஏற்றினால் அந்த ஆறு மாதக் கூலியில் ஒரு பங்கு உங்களுடையது. வழக்கமாக அது 10 சதவீதம். ஆனால் உடனே தரமாட்டோம். அடுத்த ஆறு மாதமும் எங்கள் கப்பலில் மட்டுமே ஏற்றினால் அதன் முடிவில் முதல் ஆறு மாதத்துப் பணம் வரும். இடையில் ஒரே ஒரு பெட்டியை வெளிக் கப்பலில் போட்டாலும் எல்லாம் போச்சு.

மாதம் 1,000 ரூபாய் கூலி கட்டும் ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். ஜூன் முடிவில் அவருக்கு 600 ரூபாய் சேர்ந்திருக்கும். கைக்கு வராது. டிசம்பருக்குள் இன்னொரு 600 சேரும். டிசம்பர் கடைசியில் ஒரு வெளிக் கப்பல்காரன் வந்து பாதிக் கூலிக்கு ஏற்றுகிறேன் என்றால், அந்த மாதம் அவருக்கு மிச்சமாவது 500 ரூபாய், இழப்பது 1,200. ஜனவரியில் முதல் 600 கைக்கு வரும்போது அடுத்த 600 கம்பெனியிடம் மாட்டியிருக்கும். ஆக, எந்த நாளில் விட்டுப் போனாலும் நஷ்டம். வாடிக்கையாளரின் சொந்தப் பணத்தையே பிணையாக வைத்து அவரைக் கட்டிப்போட்ட ஏற்பாடு இது. தள்ளுபடி என்ற மென்மையான உடுப்புக்குள் இவ்வளவு கடுமையான கணக்கு அதுவரை இருந்ததில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த முறை சட்டப்படி செல்லுமா என்ற கேள்வி சீக்கிரமே நீதிமன்றம் ஏறியது. சீனத் தேயிலைப் பாதையில் கூட்டுக்குள் சேர்த்துக்கொள்ளப்படாத மொகல் நீராவிக் கப்பல் கம்பெனி வழக்குப் போட்டது. அங்கே இப்படித் திருப்பித் தரும் கழிவு 5 சதவீதம். 1885 தேயிலைப் பருவத்தில் ஹான்கோவ் துறைமுகத்துக்கு மொகல் கப்பல் போனபோது, கூட்டுக் கம்பெனிகளும் அங்கே கப்பல் அனுப்பிக் கூலியைத் தரைமட்டமாக்கின. லண்டன் பிரபுக்கள் சபை 1891-இல் மொகலின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. தன் வியாபாரத்தைக் காத்துக்கொள்ள ஒருவர் இப்படிக் கழிவு தருவது சட்டவிரோதமில்லை என்பது அதன் சாரம். அதன் பிறகு இந்த முறை பல கடல் பாதைகளுக்கும் பரவியது. பிரிட்டனே 1906-இல் ஒரு அரச ஆணையம் போட்டு விசாரித்தது. 1909-இல் வந்த அறிக்கையில் பெரும்பான்மையினர் முறையை ஒழிக்கச் சொல்லவில்லை. அமெரிக்காவோ 1916-ஆம் ஆண்டின் கப்பல் சட்டத்தில் காலம் தள்ளித் தரும் கழிவை நேரடியாகத் தடை செய்தது.

அந்த ஆணையம் உட்கார்ந்த அதே 1906-இல்தான் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். தூத்துக்குடி–கொழும்புப் பாதையில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி அவரை எதிர்கொண்டது நேரடி விலைக் குறைப்பால். கட்டணம் ஒரு ரூபாய்க்கு இறங்கியது, பிறகு இலவசம் என்றாகி, ஏறுபவருக்குக் குடையும் கொடுத்தார்கள் என்று சொல்வது வழக்கம். இந்த விலைச் சண்டையை நாம் பள்ளிக்கூடத்திலிருந்தே அறிவோம். நம் கப்பல் தொழிலை அதன் பிறகும் பல ஆண்டுகள் நெருக்கிய கழிவு முறையை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. பேரம் நடப்பதை ஊர் பார்க்கும், காகிதத்தில் இருக்கும் நிபந்தனையை யார் பார்ப்பார்கள்? 1920-களின் பிற்பகுதியில் மத்திய சட்டசபையில் எஸ்.என். ஹாஜி கரையோரக் கப்பல் போக்குவரத்தை இந்தியக் கப்பல்களுக்கு ஒதுக்கும் மசோதாவோடு, இந்தத் தள்ளி வைத்த கழிவை ஒழிக்கும் மசோதாவையும் கொண்டுவந்தார். இரண்டும் அன்று நிறைவேறவில்லை. கழிவை ஒழிக்காமல் சுதேசிக் கப்பல் ஓடாது என்று அவர் கண்டுகொண்டிருந்தார்.

கடலில் பிறந்த முறை கரைக்கு வந்ததும் கொஞ்சம் சாதுவானது. நீ என் சரக்கை மட்டும்தான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை போய், நீ இவ்வளவு வாங்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. காத்திருப்பு மட்டும் போகவில்லை. பிரான்சில் மிஷெலின் டயர் கம்பெனி வருடம் முழுவதும் வாங்கியதற்கான கழிவை அடுத்த ஆண்டு பிப்ரவரி கடைசியில்தான் டீலர்களுக்குக் கொடுத்துவந்தது. ஸ்லாப் தாண்டினால் மொத்தத்துக்கும் கூடுதல் விகிதம், நம் அண்ணாச்சிக்கு இருப்பதைப் போலவே. டீலருக்கு வருடக் கடைசி வரை தன் உண்மையான கொள்முதல் விலை தெரியாது, அதனால் வேறு கம்பெனிப் பக்கம் திரும்பவும் முடியாது என்று சொல்லி ஐரோப்பிய ஆணையம் 2001-இல் அந்தக் கம்பெனிக்கு 1.976 கோடி யூரோ அபராதம் போட்டது. 2003-இல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கல்கத்தாவுக்கு 124 ஆண்டு கழித்து அதே கணக்கை இன்னொருவர் உட்கார்ந்து போட்டுப் பார்த்திருக்கிறார்.

இனி இந்தக் கழிவைக் கணக்கிடும் மென்பொருளுக்கு வருவோம். அது வரும்வரை இந்தக் கழிவு எங்கே குடியிருந்தது? லெட்ஜரின் கடைசிப் பக்கத்தில் பென்சில் எழுத்தாகவும், சேல்ஸ் மேனேஜரின் நினைவிலும்தான். எந்தப் பார்ட்டிக்கு என்ன சொன்னோம் என்பது சொன்னவருக்கு மட்டும் தெரியும். அவர் மாற்றலாகிப் போனால் கழிவும் பாதி போய்விடும்.

ஜெர்மனியில் ஐபிஎம்மை விட்டு வெளியே வந்த ஐந்து பொறியாளர்கள் 1972-இல் எஸ்ஏபி கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு முதல் வாடிக்கையாளராக அமைந்தது ஐசிஐ கம்பெனியின் நைலான் ஆலை. ஒரு கம்பெனிக்கு எழுதிய நிரலை இன்னொரு கம்பெனியும் பயன்படுத்த வேண்டும் என்பது அவர்கள் கனவு. அந்தக் கனவுக்குப் பெரிய தடை விலைதான். சம்பளக் கணக்கு, பேரேடு எல்லாம் ஊருக்கு ஊர் ஓரளவு ஒத்துப்போகும். விலை நிர்ணயிக்கும் விதம் கம்பெனிக்குக் கம்பெனி, பார்ட்டிக்குப் பார்ட்டி வேறு. ஒவ்வொரு ஸ்கீமுக்கும் ஒரு புரோகிராமரை உட்கார வைத்து எழுதினால் வேலை முடியவே முடியாது.

இதற்கு அவர்கள் கண்ட வழியைத்தான் கண்டிஷன் டெக்னிக் என்று இன்றும் அந்தத் துறையில் சொல்கிறார்கள். விதியை நிரலுக்குள் எழுதாமல், வெளியே அட்டவணையில் வைப்பது. நிரலுக்குத் தெரிந்ததெல்லாம் எந்த அட்டவணையில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்பது மட்டும். அட்டவணைக்குள் என்ன எண் இருக்கிறது என்பது விற்பனை இலாகாவின் பொறுப்பு. புது ஸ்கீம் வந்தால் புரோகிராமரைத் தேட வேண்டாம், ஒரு ரெக்கார்டு போட்டால் போதும். 1992-இல் வந்த ஆர்/3 பதிப்போடு இது உலகம் முழுவதும் பரவியது.

வாடிக்கையாளர் கழிவு ஒன்றை இதில் எப்படி ஏற்றுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், மான்செஸ்டருக்குப் போன அந்த நிபந்தனைகளே வரிசையாக எழுந்து வரும். முதலில் ஒப்பந்தத்தின் வகை. ஒரு வாடிக்கையாளர் வாங்கியது அத்தனைக்குமா, குறிப்பிட்ட பொருள் வகைக்கு மட்டுமா, அல்லது ஒரு தாய் நிறுவனமும் அதன் கிளைகளும் சேர்ந்து வாங்கியதற்கா? பழைய எஸ்ஏபியில் வாடிக்கையாளர் கழிவுக்கு பிஓ03 என்று ஒரு கண்டிஷன் வகை தயாராகவே இருந்தது. அடுத்து, பணம் யாருக்குப் போக வேண்டும். வாங்குகிறவரும் கழிவு பெறுகிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிறகு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. பிறகு ஸ்கேல், அதாவது நம் ஊர் ஸ்லாப். எவ்வளவு தாண்டினால் எத்தனை சதவீதம்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் தவறு. சண்டைகள் எல்லாம் பிறப்பது இதற்கு அடுத்த இடத்தில். சதவீதம் எதன் மேல்? ஜிஎஸ்டி சேர்த்தா, நீக்கியா? லாரி வாடகை பில்லில் இருந்தால் அதற்கும் கழிவு உண்டா? உடைந்து திரும்பி வந்த சரக்கை டார்கெட்டிலிருந்து கழிக்க வேண்டுமா? ஏற்கெனவே சிறப்பு விலையில் போன பொருளுக்கு மறுபடி டிஓடி உண்டா? மார்ச் 31 இரவு கம்பெனி டிப்போவிலிருந்து கிளம்பி ஏப்ரல் 1 காலையில் நூம்பலில் இறங்கிய லோடு எந்தக் காலாண்டுக் கணக்கு? இந்தக் கடைசிக் கேள்விக்கு மென்பொருள் ஒரு நொடியில் பதில் சொல்லும். அமைத்தவர் பில் தேதியைப் பார்க்கச் சொல்லியிருந்தால் மார்ச், டெலிவரி தேதியைப் பார்க்கச் சொல்லியிருந்தால் ஏப்ரல். ஒரே ஒரு தேர்வு, அண்ணாச்சிக்கு 10,800 ரூபாய். அந்தத் தேர்வைச் செய்தவருக்கு அண்ணாச்சி யாரென்றே தெரியாது.

தேடும் வரிசையும் அப்படித்தான். அக்சஸ் சீக்வென்ஸ் என்பார்கள். இந்த வாடிக்கையாளர், இந்தப் பொருள் என்று குறுகலான இடத்தில் முதலில் தேடு, இல்லையென்றால் இந்த வாடிக்கையாளருக்குப் பொதுவாக என்ன இருக்கிறது பார், அதுவும் இல்லையென்றால் அவர் சேர்ந்த டீலர் குழுவுக்கு என்ன என்று பார். எங்கே கிடைக்கிறதோ அங்கே நின்றுவிடு. மளிகைக் கடைக்காரர் முதலில் அந்த ஆளின் பற்றுநோட்டைப் புரட்டிவிட்டுப் பிறகு பொது விலைப் பட்டியலைப் பார்ப்பதைப் போல. ஆனால் கிடைத்த இடத்தில் நின்றுவிடுவதால் ஒரு சிக்கல் வரும். போன வருடம் இந்தப் பார்ட்டிக்குத் தனியாகப் போட்ட 1 சதவீத ரெக்கார்டை முடித்துவைக்க மறந்துவிட்டால், இந்த வருடம் குழு முழுவதற்கும் அறிவித்த 3 சதவீதம் அவரிடம் வந்து சேராது. கணினி தவறு செய்யவில்லை, சொன்னதைத்தான் செய்தது. பார்ட்டிக்கோ தான் ஏன் விடுபட்டோம் என்று எப்போதும் தெரியாது.

ஒவ்வொரு பில் போடும்போதும், பின்னால் கொடுக்க வேண்டிய கழிவுக்காக ஒரு தொகையைக் கம்பெனி தன் கணக்கில் ஒதுக்கி வைக்கிறது. அக்ரூவல் என்பது இதுதான். ஒப்பந்தத்தில் 3 சதவீதம் வரலாம் என்று மதிப்பிட்டிருந்தால் லட்ச ரூபாய்ப் பில்லுக்கு 3,000 தனியே போய் உட்காரும். காலாண்டு முடிந்து செட்டில்மென்ட் ஓட்டும்போது, வந்து சேர்ந்த உண்மை அளவு 2 சதவீத ஸ்லாப்தான் என்றால் 2,000 கிரெடிட் நோட்டாகப் போகும், மீதி 1,000 திரும்பக் கம்பெனியின் லாபக் கணக்குக்கு வரும். கல்கத்தாவில் வியாபாரியின் பணம் கம்பெனியின் பையில் இருந்தது, அங்கே அது என்னவாக இருந்தது என்று பார்க்க யாருக்கும் வழியில்லை. இங்கே ஒவ்வொரு பில்லுக்கும் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பது வரி வரியாகப் பதிவாகிறது. இதை மென்பொருள் செய்த பெரிய நன்மையாக நான் பார்க்கிறேன். கடன் என்று ஒப்புக்கொள்ளாமல் வைத்திருந்த ஒன்றை அது கடனாகப் பதிவு செய்ய வைத்தது.

ஸ்கீம் ஏப்ரலிலிருந்து அமலுக்கு வருகிறது என்று ஜூனில் அறிவிப்பதும் நம் ஊரில் சகஜம். பழைய முறையில் இப்படிப் பின்தேதியிட்டு ஒப்பந்தம் போட்டால், போய்விட்ட பில்களை எல்லாம் மறுபடி தேடி இணைக்கத் தனியாக ஒரு ஓட்டம் ஓட்ட வேண்டும். பில்கள் லட்சக்கணக்கில் இருந்தால் அது இரவு முழுவதும் ஓடும். 2015-இல் எஸ்ஏபியின் அடுத்த பதிப்பான எஸ்/4ஹானா வந்த பிறகு இந்த வேலை கண்டிஷன் கான்ட்ராக்ட் என்ற வேறு அமைப்புக்கு மாறியது. அது பில்லோடு பில்லாகக் கழிவைக் கட்டிவைப்பதில்லை, செட்டில்மென்ட் நாளில் விற்பனைப் பதிவுகளைப் போய்ப் படித்துக்கொள்கிறது. போரூர், மணப்பாக்கம் ஐடி பூங்காக்களுக்கு நூம்பல், ஐயப்பன்தாங்கல் அடுக்குமாடிகளிலிருந்து காலையில் கிளம்பிப் போகிறவர்களில் இந்த மாற்றத்தைச் செய்கிறவர்களும் உண்டு. எந்த நாட்டுக் கம்பெனிக்கோ, எந்த நாட்டு டீலருக்கோ. அவர்கள் வீட்டுக் கீழ்த்தளத்துக் குடோன்காரரின் கழிவோ பெரும்பாலும் இன்னும் எக்செல் தாளில்தான்.

குடோன்காரரின் பக்கம் இருப்பது டேலி. 1986-இல் பெங்களூரில் பிறந்த மென்பொருள். வாடிக்கையாளர் வகைக்கு ஏற்ப விலைப் பட்டியலும் அளவு ஸ்லாபும் வைக்க அதில் வசதி இருக்கிறது. ஆனால் அது அவர் விற்கும் விலைக்கு. தான் பெற வேண்டிய கழிவுக்கு அவர் வைத்திருப்பது கிளிப் மாட்டிய ஒரு ஃபைல். மேலே கம்பெனியின் ஸ்கீம் லெட்டர், பல சமயம் அதுவும் வாட்ஸ்அப்பில் வந்து பிரின்ட் எடுத்தது. கீழே கிரெடிட் நோட். அதில் ஒரே வரி: காலாண்டு டிஓடி, ஒரு தொகை. எந்தெந்த பில் சேர்ந்தது, எது விடுபட்டது, எந்த ஸ்லாப் என்ற விவரம் எதுவும் இருக்காது. அந்த விவரம் கம்பெனியின் மென்பொருளில் பில் வாரியாக இருக்கிறது. கேட்டால் ரெப், “சிஸ்டம்ல அப்படித்தான் வருது, அண்ணாச்சி” என்பார். ரெப்பைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கும் காட்டப்படுவது அந்த ஒரு வரிதான்.

இந்த இடத்தில் டீலருக்குக் கைகொடுத்தது வரிச் சட்டம். 2017-ஆம் ஆண்டின் மத்திய ஜிஎஸ்டி சட்டம், பிரிவு 15(3), முதலில் எழுதப்பட்டபடி. விற்ற பிறகு தரும் கழிவை வரி மதிப்பிலிருந்து கழிக்க வேண்டுமானால், விற்பதற்கு முன்போ விற்கும்போதோ அதற்கு ஒப்பந்தம் இருந்திருக்க வேண்டும், அந்தக் கழிவு குறிப்பிட்ட பில்களோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும், வாங்கியவர் அந்த அளவுக்கு உள்ளீட்டு வரி வரவைத் திருப்ப வேண்டும். வருடத்துக்கு 10,000 எண்ணிக்கை வாங்கினால் கூடுதலாக 1 சதவீதம் என்பது போன்ற ஸ்டாக்கிஸ்ட் கழிவுகளுக்கும் இது பொருந்தும் என்று 2019 மார்ச்சில் வந்த சுற்றறிக்கை விளக்கியது. அரசு இதை எழுதியது வரி நழுவக் கூடாது என்பதற்காக. ஆனால் டீலருக்கு இதனால் கிடைத்தது இரண்டு காகிதங்கள். ஸ்கீமை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லிக் கேட்க ஒரு காரணம், எந்த பில்லுக்கு எவ்வளவு என்ற பட்டியலைக் கேட்க இன்னொரு காரணம். கேட்டவர்களுக்குக் கிடைத்தும் இருக்கிறது.

கம்பெனிகளுக்கு இந்த நிபந்தனை பெரிய தலைவலியாக இருந்தது. பின்தேதி ஸ்கீமுக்கு வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது, தகராறு, நோட்டீஸ், மேல்முறையீடு. 2025 செப்டம்பரில் கூடிய 56-ஆவது ஜிஎஸ்டி கவுன்சில், முன்கூட்டிய ஒப்பந்தமும் பில் இணைப்பும் வேண்டும் என்ற அந்த விதியை நீக்கப் பரிந்துரைத்தது. கிரெடிட் நோட் கொடுத்து, வாங்கியவர் வரி வரவைத் திருப்பினால் போதும் என்ற திசையில் அது போகிறது. வியாபாரத்தை எளிதாக்கும் முடிவு என்று இதை வரவேற்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, வழக்குகள் குறையும். ஆனால் சிறிய டீலருக்குச் சட்டம் மறைமுகமாகக் கொடுத்திருந்த அந்த இரண்டு காகிதங்களுக்கும் இனி வேறு யாராவது பொறுப்பேற்க வேண்டும். செட்டில்மென்ட் ஓட்டும் நாளிலேயே பில் வாரியான கணக்குத் தாளை டீலரின் மெயிலுக்கு அனுப்ப இன்றைய எந்த விலை மென்பொருளாலும் முடியும், தரவு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. அடுத்த நிதியாண்டுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது நூம்பல் அண்ணாச்சி கேட்டு வாங்க வேண்டியது அரை சதவீதம் கூடுதல் கழிவை அல்ல, அந்தத் தாளை அனுப்புவோம் என்ற ஒரு வரியை.